மைன்கிராஃப்ட் சர்வரில் காசு செல்லாக்காசாகாமல் கடையும் வருமானமும் அமைப்பது எப்படி?

நண்பர்களுக்காக ஒரு சர்வைவல் சர்வர் தொடங்கி, அதில் காசு, கடை, ஏலம் எல்லாம் வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சர்வரை இன்ஸ்டால் செய்வது எப்படி என்று காட்ட ஏகப்பட்ட வீடியோக்கள் இருக்கின்றன. ஒரு டயமண்டுக்கு என்ன விலை வைப்பது, கரும்பைக் கடை வாங்கலாமா, தினப் பரிசு எவ்வளவு தரலாம் என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஆள் இல்லை. அதை நாமே பட்டுத் தெரிந்துகொள்வதற்குள் சர்வரில் இரண்டு பேர் கோடீஸ்வரர் ஆகியிருப்பார்கள், மற்றவர்கள் லாகின் செய்வதையே நிறுத்தியிருப்பார்கள். நான் உதவிக்குப் போன சர்வர்களில் ஆட்கள்தான் வேறு வேறு, கதை ஒன்றுதான்.

ஜாவா எடிஷன், பேப்பர் என்ற சர்வர் மென்பொருள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கீசர் போட்டு மொபைல் ஆட்களையும் உள்ளே விட்டாலும் கணக்கு இதேதான், ஏனென்றால் அவர்களும் உங்கள் ஜாவா சர்வரில்தான் விளையாடுகிறார்கள்.

வேறு எதுவும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆள் தூங்கும்போது வளரும் எதையும் சர்வர் காசு கொடுத்து வாங்கக் கூடாது. கீழே இருப்பதில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

1. கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டியது, மாதச் செலவு

சர்வரை முதல்முறை ஓட்டினால் அது உடனே நின்றுவிடும். யூலா என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாகியிருக்கும், அதில் ஃபால்ஸ் என்று இருப்பதை ட்ரூ என்று மாற்றினால்தான் சர்வர் ஓடும். எல்லோரும் படிக்காமல் மாற்றுகிறோம். ஆனால் அது மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங்கின் ஒப்பந்தம், உங்கள் பொருளாதாரத்தைத் தொடுகிற விஷயம் அதில்தான் இருக்கிறது. நிஜப் பணம் கொடுத்தவருக்கு விளையாட்டில் மற்றவரை விடக் கூடுதல் பலம் கிடைக்கும்படி எதையும் விற்கக் கூடாது. தொப்பி, வண்ணப் பெயர், செல்லப்பிராணி போன்ற அலங்காரம் விற்கலாம், எல்லோருக்கும் ஒரே நுழைவுக் கட்டணம் வாங்கலாம். இந்த விதியை 2014இல் தெளிவாக்கிவிட்டார்கள். உங்கள் கடையில் சர்வர் காசு கொடுத்தால் டயமண்ட் வாள் கிடைக்கும் என்றால், அந்தக் காசை யூபிஐயில் விற்பது வாளை விற்பதுதான். ஹோஸ்டிங் செலவை எடுக்கக் காசு விற்கலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

செலவு பெரிதில்லை. பேப்பர், அதில் சேர்க்கிற பிளகின்களில் (கூடுதல் மென்பொருள்) காசைப் பிற பிளகின்களோடு இணைக்கும் வால்ட், காசும் கமாண்டுகளும் தரும் எசென்ஷியல்ஸ் எக்ஸ், யாருக்கு எந்த அனுமதி என்று வைக்கும் லக்பெர்ம்ஸ், யார் எதைத் தொட்டார் என்று பதியும் கோர்புரொடெக்ட், வீரர் கடைக்குச் செஸ்ட்ஷாப் அல்லது குவிக்‌ஷாப் எல்லாமே இலவசம். பத்துப் பேருக்கு 4 ஜிபி ரேம் போதும், தானியங்கி ஃபார்ம் கட்டுகிற கூட்டம் என்றால் 6 அல்லது 8 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கி ரேமைப் பொறுத்து ஏறும். இந்திய ஹோஸ்டிங் என்றால் விளம்பர விலையில் 18% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பில் பக்கம் வரை போய்ப் பாருங்கள், வெளிநாட்டு ஹோஸ்டிங் என்றால் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. சென்னையிலிருந்து ஆடுபவர்களுக்கு மும்பை அல்லது சிங்கப்பூர் சர்வர் சரியாக இருக்கும். ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். முதல் மாதம் தாண்டுமா என்பதே தெரியாது. பழகிப் பார்க்க ஆட்டர்னோஸ் போன்ற இலவச இடம் போதும், ஆளில்லாவிட்டால் அது சர்வரை நிறுத்திவிடும், அவ்வளவுதான்.

இன்னொன்று, வருகிறவர் விளையாட்டை வாங்கியவரா என்று சரிபார்க்கும் ஆன்லைன் மோட் ட்ரூவாகவே இருக்கட்டும். அதை ஃபால்ஸ் ஆக்கினால் விளையாட்டை வாங்காதவர்களும் வரலாம் என்று பலர் மாற்றுகிறார்கள். அப்புறம் ஒரே ஆள் புதுப்புதுப் பெயரில் வந்து, ஒவ்வொரு பெயருக்கும் கிடைக்கும் தொடக்கத் தொகையைத் தன் முதல் கணக்குக்கு அனுப்பிக்கொண்டே இருப்பான். தொடக்கத் தொகை 500 என்றால் இருபது பெயருக்கு 10,000. ஒரு மண்வெட்டியைக்கூடத் தொடாமல்.

2. காசு வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் தெரிந்தவர்கள் என்றால் பிளகின் காசே வேண்டாம், டயமண்டையே காசாக வையுங்கள். டயமண்டுக்கு ஃபார்ம் கட்ட முடியாது, யாராவது தோண்டித்தான் எடுக்க வேண்டும், அதுவும் ஒய் மட்டம் −59 பக்கம் போய். ஃபார்ச்சூன் 3 போட்ட பிக்காக்ஸில் ஒரு தாதுவுக்குச் சராசரி 2.2 டயமண்ட் வரும். செலவாகும் வழியும் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1.20 பதிப்பிலிருந்து டயமண்ட் கவசத்தை நெதரைட் ஆக்க ஒரு டெம்ப்ளேட் வேண்டும், அதை நகலெடுக்க ஒவ்வொரு முறையும் 7 டயமண்ட். ஒரே டெம்ப்ளேட்டை வைத்து நான்கு கவசத்தையும் மாற்ற மூன்று நகல், அதாவது 21 டயமண்ட் உலகத்தை விட்டே போய்விடும். நீங்கள் எந்த விலையும் வைக்காமலே இது நடக்கும்.

அந்நியர்கள் வருகிற சர்வர், நிலம் வாங்குவது, வரி, ஏலம் எல்லாம் வேண்டும் என்றால் பிளகின் காசு. மீதிப் படிகள் அதற்குத்தான்.

3. காசு எங்கிருந்தெல்லாம் பிறக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு வீரர் இன்னொருவருக்குக் காசு கொடுத்தால் மொத்தம் மாறுவதில்லை. சர்வர் கொடுத்தால்தான் புதுக்காசு பிறக்கிறது. தொடக்கத் தொகை, தினப் பரிசு, சர்வர் பட்டியல் தளங்களில் ஓட்டுப் போட்டால் கிடைப்பது, ஜாப்ஸ் பிளகின் தருகிற கூலி, அட்மின் ஷாப் (சர்வரே நடத்தும் கடை) பொருளை வாங்கும்போது தருவது என்று எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் எழுதுங்கள். பக்கத்தில், ஒருவர் ஒரு மணி நேரம் அதையே செய்தால் எவ்வளவு வரும் என்று எழுதுங்கள். ஊகிக்காதீர்கள், டெஸ்ட் சர்வரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தோண்டிப் பாருங்கள், ஒரு மணி நேரம் மீன் பிடித்துப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் வைக்கிற விலை எல்லாம் குருட்டு விலை.

ஒரு மணி நேர உழைப்புக்கு 1,000 காசு என்று ஓர் அளவு வைத்துக்கொண்டால் மற்ற விலைகள் தானாக வரும். ஒரு மணி நேரத்தில் 40 அலகு கிடைக்கிற பொருளுக்கு 25 காசு, 500 கிடைக்கிற பொருளுக்கு 2 காசு. ஆபத்தான இடத்தில் செய்கிற வேலைக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம். நெதரில் செத்தால் கையில் இருப்பதெல்லாம் போய்விடும், கோதுமை வயலில் அந்தப் பயம் இல்லை.

இப்போது ஃபார்ம் கணக்கு. கரும்பு தானாக வளரும், அப்சர்வரும் பிஸ்டனும் வைத்தால் தானாக அறுபடும், ஹாப்பர் பெட்டியில் சேர்க்கும். ஆள் பக்கத்தில் நின்றால் போதும், ஏஎஃப்கேயில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். பூசணி, தர்பூசணி, மூங்கில், கெல்ப் எல்லாம் இதே ரகம். இரும்பு ஃபார்ம் அதற்கும் மேல். ஒரு அயர்ன் கோலெம் செத்தால் 3 முதல் 5 இரும்புக் கட்டி. நெதரில் ஜாம்பி பிக்லின் ஃபார்ம் போட்டால் தங்கம் கொட்டும். இவற்றுக்கு ஒரு காசு விலை வைத்தாலும் அதைப் பெரிதாகக் கட்டுகிறவன் சர்வரைக் காலி செய்துவிடுவான். விலையைக் குறைத்தால் ஃபார்மைப் பெரிதாக்குவான், அதோடு சர்வர் லேக்கும் சேர்ந்து வரும். எனவே இவற்றை அட்மின் ஷாப் வாங்கும் பட்டியலிலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள். வீரர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்ளட்டும். புது ஆளுக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் வருமானம் வேண்டுமே என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்து வாங்குங்கள்.

ஜாப்ஸ் ரீபார்ன் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சில்க் டச் பிக்காக்ஸால் தாதுவை அப்படியே எடுத்து, வைத்து, உடைத்து, மறுபடி வைத்து உடைத்தால் ஒவ்வொரு முறையும் கூலி வருகிறதா என்று சோதியுங்கள். அதைத் தடுக்கும் அமைப்பு அந்தப் பிளகினில் இருக்கிறது, ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

4. விலைப்பட்டியல் போட்டதும் சுற்றுவழி தேடுங்கள்

பெரும்பாலான சர்வர்கள் இங்கேதான் சாகின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கடை ஒரு மரத்துண்டை 4 காசுக்கு விற்கிறது, ஒரு குச்சியை 1 காசுக்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஒரு மரத்துண்டிலிருந்து 4 பலகை, 2 பலகையிலிருந்து 4 குச்சி, ஆக ஒரு மரத்துண்டு 8 குச்சி. 64 மரத்துண்டை 256 காசுக்கு வாங்கி, 512 குச்சியாக்கி, 512 காசுக்கு விற்கலாம். ஒரு ஸ்டாக்குக்கு 256 காசு லாபம், எல்லோரும் வந்து இறங்கும் ஸ்பான் இடத்தை விட்டு நகரவே வேண்டாம். இதை யாராவது கண்டுபிடித்தால் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், நண்பனிடம்தான் சொல்வார்கள்.

எனவே கடை விற்கிற ஒவ்வொரு பொருளையும் எடுத்து, அதிலிருந்து என்னென்ன செய்ய முடியும், அதில் எதையாவது கடை வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிராஃப்டிங் டேபிளோடு நிறுத்திவிடாதீர்கள். செம்பு பிளாக்கை டேபிளில் வைத்தால் 4 பிளாக்குக்கு 4 கட் காப்பர்தான். அதையே ஸ்டோன்கட்டரில் போட்டால் ஒரே பிளாக்குக்கு 4. டேபிளை மட்டும் நம்பி இரண்டுக்கும் ஒரே விலை வைத்தால் நாலு மடங்கு லாபத்தை நீங்களே தூக்கிக் கொடுத்த மாதிரி. எலும்பு ஒன்றுக்கு 3 எலும்புத்தூள், பிளேஸ் ராட் ஒன்றுக்கு 2 தூள், இவையும் அடிக்கடி தப்பிப் போகிறவை.

அதைவிடக் கண்ணில் படாதவர்கள் வில்லேஜர்கள். அவர்கள் உங்கள் அனுமதி இல்லாமல் சர்வரில் கடை நடத்துகிறார்கள். 32 குச்சிக்கு ஒரு எமரால்டு, 24 காகிதத்துக்கு ஒன்று, 20 கோதுமைக்கு ஒன்று, 4 இரும்புக் கட்டிக்கு ஒன்று. கோலெம் ஒன்றுக்குச் சராசரி 4 கட்டி என்றேனே, ஒரு கோலெம் செத்தால் ஒரு எமரால்டு என்று அர்த்தம். காகிதம் கரும்பிலிருந்து வருவது, ஒன்றுக்கு ஒன்று, ஆக 24 கரும்புக்கும் ஒரு எமரால்டு. நீங்கள் கரும்பையும் இரும்பையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, எமரால்டு அழகான கல்தானே என்று அதை மட்டும் 20 காசுக்கு வாங்கினால், வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்ததாகிவிடும். குச்சி வாங்கும் பிளெட்சர் 16 முறை வாங்கியதும் நிறுத்துவான், ஆனால் விளையாட்டின் ஒரு நாள் 20 நிமிடம்தான், அதற்குள் இரண்டு முறை சரக்குப் புதுப்பிப்பான். தொடர்ந்து விற்றால் குச்சி அதிகம் கேட்பான், அதற்காகப் பத்துப் பிளெட்சர்களை வரிசையாக அடைத்து வைப்பார்கள். எமரால்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

5. காசு வெளியே போகும் வழியைப் பரிசுக்கு முன்னால் போடுங்கள்

புது அட்மின்கள் முதல் நாளே பரிசுகளை அள்ளி வைப்பார்கள், செலவு வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பிறகு வரி போட்டால் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். முதல் நாளிலிருந்தே இருக்கிற வரியை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

எனக்குப் பிடித்தது நிலம். கிரீஃப் பிரிவென்ஷன் பிளகின் வழக்கமாக ஒரு மணி நேரத்துக்கு 100 கிளெய்ம் பிளாக் (நிலத்தைத் தன் பெயரில் பிடிக்கும் அளவு) இலவசமாகத் தருகிறது, அதைக் குறைத்துவிட்டு மீதியைக் காசுக்கு விற்கலாம். வேண்டாம் என்று யாரும் சொல்லாத பொருள், சர்வர் கையிருப்பு தீராது, விற்ற காசு அப்படியே மறைந்துவிடும். வீரர்கள் ஊர் அமைக்கும் டவுனி பிளகின் போட்டால் ஊருக்குத் தினசரிப் பராமரிப்புக் கட்டணம் வைக்கலாம். கட்டணம் கட்டக் காசில்லாத ஊர் தானாகக் கலைந்துவிடும் என்பதால், நண்பர்கள் ஊருக்குப் போகும் பண்டிகை நாட்களில் அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எசென்ஷியல்ஸ் எக்ஸில் கமாண்டுக்கு விலை வைக்கும் வசதி இருக்கிறது, வீட்டுக்கு டெலிபோர்ட் ஆக 10 காசு, செத்த இடத்துக்குத் திரும்ப 100 காசு என்று வைத்தால் தினமும் கசிந்துகொண்டே இருக்கும்.

வீரர்களுக்கிடையே நடக்கும் விற்பனையில் ஒரு சிறு சதவீதம் எடுப்பதும் நல்லது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் 2021 டிசம்பரில் பொதுச் சந்தை விற்பனைக்கு 1% வரி போட்டார்கள், 2025இல் அதை 2% ஆக்கினார்கள். அவ்வளவு பெரிய விளையாட்டுக்கே அது போதுகிறது என்றால் உங்களுக்கு 5% தாராளம். அதற்கு மேல் போனால் ஆட்கள் கடையை விட்டுக் கைமாற்றாக விற்கத் தொடங்குவார்கள். அந்த வரிக்காசு அட்மின் கணக்கில் சேரும்படி விடாதீர்கள். சேர்ந்தால் என்றாவது ஒரு பொங்கல் பரிசாகத் திரும்பி வந்துவிடும், அழிந்துபோக வேண்டிய காசு அது.

மெண்டிங் பற்றி ஒரு வார்த்தை. அந்த மந்திரம் போட்ட கருவி அனுபவப் புள்ளியால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், ஒருபோதும் உடையாது, அப்புறம் கருவி விற்கிறவனுக்கு வாடிக்கையாளர் கிடையாது. அதைத் தடை செய்தால் ஆட்கள் போய்விடுவார்கள். நான் சொல்வது, லைப்ரேரியன் வில்லேஜர் விற்பதை மட்டும் நிறுத்தி, தேடியோ மீன் பிடித்தோ கிடைத்தால் கிடைக்கட்டும் என்று விடுவது. சந்தையில் அந்தப் புத்தகத்துக்கு நல்ல விலை நிற்கும்.

6. அட்மின் ஷாப் சின்னதாக இருக்கட்டும்

அட்மின் ஷாப் ரேஷன் கடை மாதிரி இருக்க வேண்டும்: சில அடிப்படைப் பொருட்கள், ஆளுக்கு அளவு, அதோடு முடிந்தது. டயமண்ட், எலிட்ரா, மெண்டிங் புத்தகம், பீக்கன் எதையும் அது விற்கக் கூடாது. விற்றால் அந்தப் பொருளைத் தேடி எண்டுக்கும் நெதருக்கும் போகிறவனுக்கு வேலை போய்விட்டது. டயாப்லோ 3இல் ஏல மண்டபம் வைத்து, அரக்கனைக் கொல்வதை விடக் கடையில் வாங்குவதே லாபம் என்று ஆகி, கடைசியில் 2014 மார்ச்சில் அந்த மண்டபத்தையே மூடினார்கள்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் பெரிய இடைவெளி விடுங்கள். ஓக் மரத்தைக் கடை 10 காசுக்கு விற்று 2 காசுக்கு வாங்கினால், நடுவில் 5, 6 என்று வீரர்கள் பேரம் பேசிக்கொள்வார்கள். 5க்கு விற்று 4க்கு வாங்கினால் யாரும் யாரிடமும் பேச வேண்டிய தேவையே இல்லை, எல்லோரும் கடையோடு மட்டும் வியாபாரம் செய்வார்கள், சர்வர் ஏடிஎம் ஆகிவிடும்.

வீரர் கடைகளை ஸ்பான் பக்கத்தில் ஒரே தெருவில் வையுங்கள், வார வாடகையோடு. வாடகை கட்டாத பெட்டிக்கடை காலியாகட்டும். சரக்கில்லாத கடை நாற்பது நிற்கிற தெருவுக்குப் புது ஆள் ஒருமுறைதான் வருவான்.

7. எப்போது எதைச் செய்வது

திறப்பதற்கு முன் ஒரு வாரம் ஏழெட்டுப் பேரை மட்டும் உள்ளே விட்டு, கடையை ஏமாற்றுங்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். கண்டுபிடித்துச் சொன்னவருக்கு அலங்காரப் பரிசு கொடுங்கள், காசு கொடுக்காதீர்கள். அந்த வாரத்தின் உலகத்தையும் பேலன்ஸையும் அழித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

திறந்த பிறகு வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், பணக்காரர் பட்டியலைக் காட்டும் பால்டாப் கமாண்ட் போட்டுச் சர்வரின் மொத்தக் காசைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை அந்த வாரம் உண்மையில் விளையாடியவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். தலைக்கு வரும் தொகை முதல் சில வாரம் ஏறத்தான் செய்யும், கடைகள் தொடங்குகிற நேரம். அதன் பிறகும் வாரத்துக்கு வாரம் இரட்டிப்பானால் வெளியே போகும் வழி போதவில்லை. ஒரே ஆளின் தொகை மட்டும் திடீரென்று தாவினால் அது சுற்றுவழி அல்லது டூப் (ஓட்டை வழியாகப் பொருளை நகலெடுப்பது). டூப் என்றால் சர்வரை நிறுத்தி, பேக்கப் எடுத்து, கோர்புரொடெக்டில் அந்த ஆளின் பெட்டி நடமாட்டத்தைப் பார்த்து, அந்தச் சரக்கை மட்டும் திரும்ப எடுத்துவிடுங்கள். எல்லோருடைய பேலன்ஸையும் தூக்காதீர்கள்.

விலை மாற்றத்தை ஒரு வாரம் முன்னாலேயே அறிவியுங்கள், சுற்றுவழியை அடைப்பது மட்டும் உடனே, அறிவிப்பில்லாமல். வெள்ளி சாயங்காலம் எதையும் மாற்றாதீர்கள், சனி ஞாயிறு முழுக்க அதன் விளைவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

உங்கள் ஆட்களையும் கவனியுங்கள். ஸ்டாஃபுக்கு கிரியேட்டிவ் மோட் இருந்தால், பாவம் புதுப் பையன் என்று ஒரு நாள் ஒரு டயமண்ட் கவசம் கைமாறும், அடுத்த நாள் பத்து. லக்பெர்ம்ஸில் கிரியேட்டிவ், பொருள் தரும் கிவ், காசு தரும் ஈகோ கமாண்டுகளை உரிமையாளர் ஒருவருக்கு மட்டும் வையுங்கள். ஸ்டாஃப் விளையாட வேண்டுமென்றால் தனிக் கணக்கில் விளையாடட்டும்.

8. ஏற்கெனவே விலைவாசி கெட்டுப்போயிருந்தால்

முதலில் ஓட்டையை அடையுங்கள், அதற்கு முன் எந்தச் சீர்திருத்தமும் வீண். கொஞ்சம் கெட்டிருந்தால் பெரிய செலவுகளைக் கொண்டு வாருங்கள்: ஸ்பான் தெருவில் மூலைக் கடை ஏலம், வார்ப் (ஒரே கமாண்டில் போகும் இடம்) பெயர் உரிமை, பெயர் பொறித்த சிலை. பணக்காரர்கள் பெருமைக்குச் செலவழிக்கத் தயங்குவதில்லை, அதுவும் ஏலத்தில் எதிராளி பெயர் தெரிந்தால்.

மிகவும் கெட்டிருந்தால் காசை மாற்றுங்கள். பழைய காசுக்கு இரண்டு வாரம் அவகாசம் கொடுத்து, அதை நிலமாகவும் அலங்காரமாகவும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு உச்சவரம்போடு. பிறகு புதுக்காசு எல்லோருக்கும் பூஜ்யத்திலிருந்து. வீடு, பெட்டி, பொருள் எதையும் தொடாதீர்கள். பேலன்ஸ் போனால் திட்டிவிட்டு விளையாடுவார்கள், கட்டிய வீடு போனால் திரும்ப வர மாட்டார்கள். மாற்றுகிற நாளுக்கு முன் இரவு முழு பேக்கப்பும் பால்டாப் பட்டியலும் எடுத்து, சர்வருக்கு வெளியே வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் இவ்வளவு இருந்ததே என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருவார்கள்.